தொண்ணூற்றேழில் நின்ற பொன்னுரங்கம்

பொன்னுரங்கம் படகில் ஏறும்போது மற்ற இரண்டு பேரும் எதிர்ப்பக்கம் போய் நின்றுகொள்வார்கள். யாரும் சொல்லி வைத்ததில்லை, பல வருஷப் பழக்கம். அவர் ஒரு காலை உள்ளே வைத்ததும் படகு அவர் பக்கமாகச் சாயும். இரண்டாவது காலையும் வைத்து, நடுப்பலகையில் உட்கார்ந்து, ஒருமுறை அசைந்து சரிபார்த்துக்கொண்ட பிறகுதான் நிமிரும். பழவேற்காடு ஏரியில் தொழில் செய்கிறவர்களில் நூறு கிலோவைத் தாண்டியவர்கள் அதிகம் கிடையாது. கோல் ஊன்றி, வலை இழுத்து, வெயிலில் காய்கிற தொழில் ஆளை அப்படி வளர விடாது. பொன்னுரங்கம் மட்டும் எப்படி வளர்ந்தார் என்று குப்பத்தில் பலரும் யோசித்துப் பார்த்துவிட்டார்கள். அவருடைய மனைவி அம்பிகாவைக் கேட்டால், "வேளாவேளைக்கு சோறு போட்டேன், அது ஒரு குத்தமா?" என்பாள்.

படகு அம்பிகாவின் அண்ணன் தங்கவேலுடையது. தங்கவேல், அவருடைய தம்பி ஜெகதீஸ்வரன், வீட்டு மாப்பிள்ளை பொன்னுரங்கம் என்று மூன்று பேர் அதில் போவார்கள். ஏரி எல்லோருக்கும் பொது என்பதால், எந்த நாளில் எந்தப் படகு எந்த இடத்தில் வலை கட்டலாம் என்று ஊர் கூடி முறை போட்டு வைத்திருக்கிறது. அந்த முறைக்குப் பாடு என்று பெயர். மற்ற நாளில் எங்கேயாவது வலை போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இறால் ஏறுகிற நல்ல இடத்தில் ஒரு படகுக்குப் பாடு வருவது எப்போதோ ஒருமுறைதான். அன்றைக்கு நேரத்துக்குப் போய் வலை கட்டாவிட்டால் போனது போனதுதான், யாரிடமும் முறையிட முடியாது.

சித்திரையில் அவர்களுக்கு அப்படி ஒரு பாடு வந்தது. அந்த வருஷம் முகத்துவாரத்தை மணல் மூடிக் கடல் தண்ணீர் உள்ளே வரவில்லை. ஏரி பல இடங்களில் முழங்கால் அளவுக்கு வற்றிக் கிடந்தது. விடியற்காலையில் கிளம்பிய படகு பாதி வழியில் ஒரு மணல் திட்டில் தரை தட்டி நின்றது. கோல் ஊன்றினார்கள், நகரவில்லை. மூன்று பேரும் இறங்கித் தள்ளினார்கள். கொஞ்ச தூரம் போய் மறுபடியும் நின்றது. ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது வெயில் முதுகில் ஏறியிருந்தது, இறால் ஏறுகிற நேரமும் தாண்டிவிட்டது. வலையில் நான்கு நண்டும் யாரோ விட்ட ஒற்றைச் செருப்பும் வந்தன.

கரைக்கு வந்ததும் தங்கவேல் நேராக நண்டு வியாபாரி ராஜேந்திரனின் கொட்டகைக்குப் போய், பெட்டிகளை நிறுக்கிற எடை மேடையைக் காட்டி, "ஏறு மாப்ளே" என்றார். பொன்னுரங்கம் ஏறினார். சிவப்பு எழுத்தில் நூற்று நாலு என்று வந்தது. பார்த்துக்கொண்டிருந்த ராஜேந்திரன், "ரெண்டு பெட்டி ஐஸோட சேத்து வருது" என்றான்.

"தண்ணியே இல்லாத ஏரியில ஒன்ன வச்சிகினு நான் எப்டி தொழில் பண்றது?" என்றார் தங்கவேல். "ஐப்பசியில அடுத்த பாடு வருது. அதுக்குள்ள தொண்ணூறுக்கு வந்துடு. அதுவரைக்கும் கரையிலயே இரு. வலை கிழிஞ்சா தச்சிக் குடு. ஒன் பங்கு வூட்டுக்கு வந்துடும், கவலப்படாத."

கடைசியில் சொன்னதுதான் பொன்னுரங்கத்தைத் தைத்தது. புருஷன் போய்ச் சேர்ந்த வீடுகள், படுக்கையில் விழுந்தவர்கள் வீடுகள் என்று குப்பத்தில் சில வீடுகளுக்குப் படகு ஏறாமலே பங்கு போகும். ரொம்ப நல்ல வழக்கம், யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் கையும் காலும் நன்றாக இருக்கும்போதே அந்த வரிசையில் தன் வீடும் சேர்வது அவருக்குத் தாங்கவில்லை. வலை காயப்போட்டிருந்த பக்கம் போய், வலையைத் தட்டுவதுபோல் நின்று கொஞ்ச நேரம் அழுதார். பிறகு வீட்டுக்கு வந்து, "ஏன்டி, நம்ம வூடு ஆள் இல்லாத வூடா?" என்று அம்பிகாவைக் கேட்டார்.

"ஆள் கீறாரு. கொஞ்சம் ஜாஸ்தியா கீறாரு" என்றாள் அம்பிகா. சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே கஷ்டமாகப் போயிற்று. அன்றைக்குத் தட்டில் ஒரு கரண்டி சோறு குறைத்து வைத்தாள். அவருடைய வைத்தியம் அங்கேதான் ஆரம்பித்தது.

மகள் சுபஸ்ரீ பொன்னேரியில் கல்லூரியில் படிக்கிறாள். அவள்தான் அப்பாவைச் சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனாள். டாக்டரம்மா என்னென்ன சாப்பிடுகிறார் என்று கேட்டார். காலையில் எட்டு இட்லி, மத்தியானம் மூன்று தட்டு சோறு, சாயங்காலம் டீயோடு பன், ராத்திரி மறுபடியும் சோறு என்று பொன்னுரங்கம் ஒளிவு மறைவில்லாமல் சொன்னார். காலையில் மூன்று இட்லி, மத்தியானம் ஒரு தட்டு, பன் கிடையாது, ராத்திரி சோறும் கிடையாது என்று டாக்டரம்மா தீர்ப்பு சொன்னார். கூடவே தினமும் ஒரு மணி நேரம் கை வீசி நடக்க வேண்டும்.

சோற்றைக் குறைப்பதைவிட நடப்பதுதான் பெரிய தொல்லையாக இருந்தது. குப்பத்தில் யாரும் சும்மா நடக்க மாட்டார்கள். ஒருவன் நடக்கிறான் என்றால் எங்கேயோ போகிறான் என்று அர்த்தம். முதல் நாள் பொன்னுரங்கம் கலங்கரை விளக்கம் வரை போய்த் திரும்புவதற்குள் ஏழெட்டுப் பேர் நிறுத்தி, "எங்க போறே?" என்று கேட்டார்கள். "எங்கியும் இல்ல, சும்மா நடக்கிறேன்" என்றார். அந்தப் பதிலை ஒருவரும் நம்பவில்லை. அம்பிகாவோடு சண்டை என்று ஒருத்தி கண்டுபிடித்தாள். படகை விட்டு இறக்கியதில் மனசு கெட்டுப்போய்விட்டது என்று இன்னொருத்தி சொல்லி, கோயிலில் எலுமிச்சம்பழம் வாங்கி வந்து கொடுத்தாள். கடைசியில் அவர் ஒரு காலி மண்ணெண்ணெய் கேனைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் கேட்கவில்லை, எண்ணெய் வாங்கப் போகிறார் என்று விட்டுவிட்டார்கள். தெரு நாய்கள் மட்டும் விஷயம் புரிந்துகொண்டு தினமும் கூடவே போய்த் திரும்பின.

பலன் தெரிந்தது, அதையும் சொல்ல வேண்டும். வைகாசியில் நூறுக்குக் கீழே இறங்கினார். ஆனி கடைசியில் தொண்ணூற்றேழு. ராஜேந்திரனின் கொட்டகையில் அந்த எண்ணைப் பார்த்தவர்கள் வீடு வீடாகச் சொன்னார்கள். ஜெகதீஸ்வரன் வந்து, "மாமா, பின்னாடிலேர்ந்து பாத்தா நீ யாருன்னே தெர்ல" என்றான். இதே வேகத்தில் போனால் ஆவணியிலேயே தொண்ணூறு என்று சுபஸ்ரீ கணக்குப் போட்டுக் கொடுத்தாள். பொன்னுரங்கம் கோல் ஊன்றுகிற தன் பழைய சட்டையைத் துவைத்து மடித்து எடுத்து வைக்கச் சொன்னார்.

ஆடியில் தொண்ணூற்றேழு. ஆடி முடிந்து ஆவணி பிறந்தது, அப்போதும் தொண்ணூற்றேழு. அதே சோறு, அதே நடை, அதே நாய்கள், அதே எண். ஒரு மணி நேரத்தை ஒன்றரை ஆக்கினார். கொள்ளுத் தண்ணீர் குடித்தார். சீரகத் தண்ணீர் குடித்தார். யாரோ சொன்னார்கள் என்று பாகற்காயைப் பச்சையாக மென்று, அரை நாள் யாரிடமும் முகம் கொடுத்துப் பேசவில்லை. தொண்ணூற்றேழு அசையவில்லை.

எடை மேடை பழுது என்று ஒரு நாள் ராஜேந்திரனிடம் சண்டைக்குப் போனார். ராஜேந்திரன் நண்டுப் பெட்டி ஒன்றை வைத்துக் காட்டினான், சரியாகத்தான் இருந்தது. ஈரத்தோடு வருகிற மீனில் தண்ணீருக்கு என்று வியாபாரி ஒரு கழிவு பிடிப்பது அந்தக் கரையில் வழக்கம். அந்தக் கழிவுக்காகப் பொன்னுரங்கம் போடாத சண்டை கிடையாது, அவர் தொண்டையே அதில்தான் பெரிதாயிற்று என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் அன்றைக்கு எடை மேடையில் நின்றுகொண்டு, குரலைத் தாழ்த்தி, "ஏம்பா, இப்பதான் ஒரு சொம்பு தண்ணி குடிச்சிட்டு வந்தேன். தண்ணிக்கு ஒரு கிலோ கழிச்சிக்கயேன்" என்றார். ராஜேந்திரன் சிரித்த சிரிப்பில் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்து பார்த்தார்கள்.

பொன்னுரங்கத்துக்குச் சிரிப்பு வரவில்லை. ஐப்பசி நெருங்கிக்கொண்டிருந்தது. காலையில் படகு கிளம்புகிற நேரத்தில் அவருக்குத் தானாக விழிப்பு வந்துவிடும். தங்கவேலும் ஜெகதீஸ்வரனும் பேசிக்கொண்டு போகிற சத்தம் கேட்கும். அது அடங்கும் வரை கண்ணை மூடிக்கொண்டு படுத்திருப்பார். உடம்பு தனக்கே துரோகம் செய்கிறது என்று அவருக்குக் கோபமாக வந்தது.

"வா நைனா, டாக்டரம்மாகிட்டயே கேட்டுடலாம்" என்று சுபஸ்ரீ மறுபடியும் கூட்டிப் போனாள்.

டாக்டரம்மா பொறுமையாகக் கேட்டார். "கொஞ்ச நாள் இப்படி நிக்கிறது எல்லாருக்கும் வரும். சாப்பாடு குறையுதுன்னு தெரிஞ்சதும் உடம்பு உஷாராயிடும், செலவக் குறைச்சிக்கும். அதுக்காக விட்டுடக் கூடாது. இடுப்பு குறைஞ்சிருக்கா?"

"அரணாக்கயிறு நழுவுதும்மா. ரெண்டு தபா இறுக்கிக் கட்டினேன்."

"அப்ப உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். எடை மட்டும் பாத்துப் பயப்படாதீங்க." டாக்டரம்மா கொஞ்சம் யோசித்தார். "இருந்தாலும் இவ்வளவு நாள் நிக்கக் கூடாது. நான் சொன்னதைத் தவிர வேற எதாவது சாப்பிடறீங்களா?"

"சத்தியமா ஒன்னியும் இல்லம்மா."

சுபஸ்ரீ அப்பாவைப் பார்த்தாள். "நைனா, மீனு?"

"மீன் எப்டிடி சாப்பாட்டுல சேரும்?" என்றார் பொன்னுரங்கம்.

அவர் பொய் சொல்லவில்லை, ஏமாற்றவும் இல்லை. அந்தக் கரையில் சாப்பாடு என்றால் சோறு. மீன் என்பது கூட இருப்பது, காற்று மாதிரி, தண்ணீர் மாதிரி. வீட்டில் உப்பு எவ்வளவு சாப்பிடுகிறாய் என்று யாராவது கேட்பார்களா? டாக்டரம்மா எவ்வளவு மீன் என்று கேட்டார். பொன்னுரங்கம் விரல் விட்டுச் சொல்ல ஆரம்பித்தார்.

"காலையில நாஸ்டாவுக்குத் தொட்டுக்க ரெண்டு மடவை வறுவல். மத்தியானம் கொழம்புல ஒரு அஞ்சு துண்டம், வறுத்தது ஒரு நாலு. இறா வந்தா தொக்கு தனியா. ராத்திரி நீங்கதான் சோறு வேணான்னுட்டீங்களே, அந்தப் பசிக்கு வெறும் மீனு மட்டும்."

"வெறும் மீனு எவ்ளோ?"

"ஒரு சட்டி."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். சிரிக்கக் கூடாது என்று முயற்சி செய்தது முகத்தில் தெரிந்தது. "மீன் நல்லதுதாங்க. குழம்புல ரெண்டு துண்டு நானே சாப்பிடச் சொல்வேன். ஆனா மடவை கொழுப்பு மீனு. அதை எண்ணெயில பொரிச்சு, சட்டி சட்டியாச் சாப்பிட்டா, நீங்க நடக்கிற நடையெல்லாம் அதுக்கே சரியாப் போயிடும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் பொன்னுரங்கம் மறுபடியும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். அவருக்கு ஒரு விஷயம் புரிந்துவிட்டிருந்தது. படகு ஏறிக்கொண்டிருந்த காலத்தில் அவர் வீட்டுக்கு இவ்வளவு மீன் வந்ததே கிடையாது.

பிடித்த மீனை வியாபாரியிடம் போடும் முன்னால், படகில் போன ஒவ்வொருவரும் வீட்டுக்கு என்று ஒரு கை எடுத்து வைப்பார்கள். குழம்பு மீன் என்பார்கள். பெரிய மீன் எதையும் அதில் எடுப்பதில்லை, விலை போகாத சில்லறை மீன்தான். ஆனால் பொன்னுரங்கம் கரையில் உட்கார்ந்த நாள்முதல் ஜெகதீஸ்வரன் தினமும் ஒரு அலுமினியக் குண்டான் நிறைய மீன் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான். சினை முட்டிய மடவை, கை நீள இறால், சதை பிடித்த நண்டு. "அண்ணன் குடுத்து வுட்டாரு" என்பான்.

"எங்க அண்ணனுக்கு மனசு கேக்கல, அதான்" என்று அம்பிகா பூரித்துப் போவாள். எடையைக் குறை என்று சொன்ன அதே ஆள்தான் தினமும் குண்டான் குண்டானாக எடையை ஏற்றிக்கொண்டிருந்தார்.

வேண்டாம் என்று சொல்ல முடியுமா என்றால், முடியாது. குழம்பு மீனைத் திருப்பி அனுப்புவது படகோடு உறவு வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம். பக்கத்துத் தெருவில் அண்ணன் தம்பி இரண்டு பேர் அப்படி ஒருமுறை அனுப்பி, இன்று வரை ஒருவர் வீட்டுக் கல்யாணத்துக்கு ஒருவர் போவதில்லை. படகை விட்டு ஏற்கெனவே இறக்கிவிட்டார்கள், இதையும் செய்தால் ஏறவே முடியாது என்று பொன்னுரங்கம் பயந்தார். பக்கத்து வீடுகளுக்குக் கொடுக்கலாம் என்றால் மறுநாளே செய்தி தங்கவேலுக்குப் போய்விடும். அம்பிகா ஒரு வழி கண்டுபிடித்தாள். மீனையெல்லாம் உப்புப் போட்டு மாடியில் காயவைத்தாள். கருவாடும் மீன்தான் என்பது சுபஸ்ரீக்கு ஞாபகம் வருவதற்குள் பொன்னுரங்கம் ஒரு வாரக் கருவாட்டை ராத்திரிப் பசிக்கு முடித்திருந்தார்.

இந்த நிலைமையில் புரட்டாசி பிறந்தது. அவருக்கு அது பெருமாளே அனுப்பிய வழியாகத் தெரிந்தது. புரட்டாசியில் கவிச்சி தொடாத வீடுகள் உண்டு, அதை யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் குப்பத்தில் அதிகம் போனால் சனிக்கிழமை மட்டும்தான் அந்தக் கட்டுப்பாடு. பொன்னுரங்கம் இதுவரை அந்தச் சனிக்கிழமைகளையும் மதித்ததில்லை. முதல் நாள் காலையில் குளித்து, நெற்றியில் நீளமாக நாமம் இழுத்து, வாசலில் நின்று ஜெகதீஸ்வரனின் குண்டானைக் கும்பிட்டுத் திருப்பி அனுப்பினார். "மாசம் முழுக்க விரதம்பா. வேண்டுதல்."

ஜெகதீஸ்வரன் நாமத்தையே பார்த்தான். "மாமா, பெருமாள் ஒன்ன எப்பத்துலேர்ந்து தெரிஞ்சி வச்சிகினு கீறாரு?"

அந்த மாதம் பொன்னுரங்கம் பட்ட பாட்டை எழுதினால் ஏரி கொள்ளாது. மத்தியான வேளையில் தெருவில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன் பொரிகிற மணம். இவர் தட்டில் காட்டூர்ப் பக்கத்திலிருந்து வந்த சுரைக்காயும் கீரையும். பூனைகூட அவர் தட்டை எட்டிப் பார்த்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்குப் போனது. ஒருநாள் தூக்கத்தில் "சினை, சினை" என்று முனகியதாக அம்பிகா சொன்னாள். அப்படியும் அவர் விடவில்லை. இரண்டாவது சனிக்கிழமை தாண்டி ராஜேந்திரனின் மேடையில் ஏறியபோது தொண்ணூற்றாறு வந்தது. இறங்கி, மறுபடி ஏறினார். தொண்ணூற்றாறு. செருப்பைக் கழற்றிவிட்டு இன்னொரு தரம் ஏறினார். புரட்டாசி கடைசியில் தொண்ணூற்றைந்து. ராஜேந்திரனே மனசு இளகி, "தண்ணிக்குக் கழிக்கவே வேணாம், நீயே எறங்கினு வர்ற" என்றான்.

அந்தச் சந்தோஷத்தில்தான் தப்பு நடந்தது. புரட்டாசி முடிந்து ஐப்பசி ஒன்றாம் தேதி காலையில் ஜெகதீஸ்வரன் குண்டானோடு வந்தான். பாடு இன்னும் சில நாளில். இத்தனை நாள் இருந்துவிட்டோம், இன்னும் கொஞ்சம் இருந்தால் தொண்ணூற்று நாலாவது பார்க்கலாம் என்ற ஆசையில் பொன்னுரங்கம், நெற்றியில் நாமம் இல்லை என்பதையும் மறந்து, "வேணாம்பா, எடுத்துக்கினு போ" என்று சொல்லிவிட்டார்.

கொஞ்ச நேரத்தில் தங்கவேலே வந்தார். கையில் அதே குண்டான். பின்னால் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஜெகதீஸ்வரன். அம்பிகா அடுப்பை விட்டு வெளியே வந்து, அண்ணன் முகத்தைப் பார்த்ததும் கதவோரமே நின்றுவிட்டாள்.

"புரட்டாசி முடிஞ்சி போச்சி. இன்னும் இன்னா மாப்ளே விரதம்? என் மீனு கசக்குதா ஒனக்கு?"

"மீன் மேல இன்னா கோவம் மச்சான்…"

"அப்ப என் மேலயா?"

சமாளித்துவிடலாம் என்றுதான் பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். ஆனால் சித்திரையிலிருந்து உள்ளே கிடந்தது அவரைக் கேட்காமல் வெளியே வந்தது.

"ஆமா, ஒன் மேலதான். படகுலேர்ந்து எறக்கி வுட்டுட்டு தெனம் குண்டான் குண்டானா அனுப்புறியே, அது இன்னா மீனு? ஆம்பள இல்லாத வூட்டுக்கு அனுப்புற மீனு. அத துன்னுதான் நான் ரெண்டு மாசமா தொண்ணூத்தி ஏழுலயே நின்னேன். துன்னா படகு கெடையாது, துன்னலன்னா ஒறவு கெடையாது. நான் எதத்தான் துன்றது, நீயே சொல்லு."

தங்கவேல் குண்டானைக் கீழே வைத்துவிட்டு வாசல்படியில் உட்கார்ந்தார். உட்கார்ந்த விதத்தில் சண்டைக்கு வந்த ஆள் மாதிரி தெரியவில்லை.

"அண்ணே, சொல்லிடுண்ணே. எத்தினி நாளைக்கு மறைக்கிறது?" என்றான் ஜெகதீஸ்வரன்.

"இன்னாத்த?" என்றாள் அம்பிகா.

தங்கவேல் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "நீ இல்லாதப்பவும் படகு தட்டுது மாப்ளே. வைகாசியிலயே தட்டிச்சு. அதே திட்டு. ஆடியில ரெண்டு தபா. நீ இருந்தா எறங்கி ஒரு தள்ளு தள்ளுவ, போயிடும். நாங்க ரெண்டு பேரும் தள்ளி நவுறல. பக்கத்துப் படகுக்காரன் வந்து கயிறு போட்டு இழுத்தான்."

"வைகாசியிலயேவா?" என்றார் பொன்னுரங்கம்.

"அன்னிக்கே ஒன்னக் கூப்பிடணும்னுதான் வந்தேன். நீ கேனத் தூக்கினு நடந்துகினு இருந்த. சரி, ஒடம்பாவது கொறையட்டும்னு திரும்பிப் போயிட்டேன். அப்பறம் நூறுக்குக் கீழ எறங்கிட்டன்னு ஊரே பேசிச்சு. அதுக்கப்பறம் எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது? ஏரியில தண்ணி இல்லாததுக்கு ஒன்னக் கொற சொன்னேன்னு எப்டி சொல்றது? வெக்கமா இருந்திச்சு. அதான் மீனு குடுத்து வுட்டேன்."

பொன்னுரங்கம் சுவரில் சாய்ந்துகொண்டார். நெஞ்சில் கோபமும் ஆறுதலும் ஒன்றாக வந்து, எதை முதலில் விடுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அவருக்காக அம்பிகாதான் கத்தினாள். "நல்லா இருக்குண்ணா ஒன் நியாயம்! எம் புருசன் பச்சப் பாவக்கா துன்னாரு. நாயிங்க கூட நடந்தாரு. பொய்யா நாமம் போட்டாரு, அந்தப் பாவம் ஒன்னத்தான் சேரும்!"

ஜெகதீஸ்வரனுக்குச் சிரிப்பு வந்து, அதை அடக்கப் போய், இருமினான். பொன்னுரங்கம் அவனை முறைத்தார். பிறகு தங்கவேலைப் பார்த்து, "தொண்ணூத்தஞ்சு கீறேன். தொண்ணூறு வராது, இப்பவே சொல்லிட்டேன். வரவா, வேணாமா?" என்றார்.

"வா மாப்ளே" என்றார் தங்கவேல். "நீ எவ்ளோ இருந்தாலும் வா." கிளம்பும்போது குண்டானில் கையை விட்டு, இரண்டே இரண்டு கிழங்கான் மீனை எடுத்து அம்பிகாவிடம் கொடுத்துவிட்டு, மிச்சத்தைத் தானே தூக்கிக்கொண்டு போனார்.

பாடு வந்த அன்று மழை இன்னும் சரியாகப் பிடிக்கவில்லை. ஏரியில் தண்ணீர் கொஞ்சம் ஏறியிருந்தது, ஆனால் போதுமான அளவுக்கு இல்லை. கிழக்கு வெளுக்கிற நேரத்தில் மூன்று பேரும் கிளம்பினார்கள். பொன்னுரங்கம் நடுப்பலகையில் உட்கார்ந்து, திட்டு நெருங்க நெருங்கத் தண்ணீரையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அடியில் மணல் உரசுகிற சத்தம் கேட்டது. படகு நின்றது.

பொன்னுரங்கத்துக்கு முகம் சுருங்கிவிட்டது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எழுந்தார். தங்கவேல் அவர் தோளில் கை வைத்து அழுத்தினார்.

"நீ உக்காரு. ஒன்ன யாரும் எறங்கச் சொல்லல."

தங்கவேலும் ஜெகதீஸ்வரனும் தண்ணீரில் இறங்கித் தள்ளினார்கள். பொன்னுரங்கம் ஐந்தாறு மாதம் ஏங்கிய பலகையில் உட்கார்ந்தே இருந்தார். தன்னை வைத்துக்கொண்டே தன் மச்சான் படகைத் தள்ளுவதைப் பார்க்க அவருக்கு வெட்கமாகவும் இருந்தது, வெளியே சொல்லிக்கொள்ள முடியாமல் கொஞ்சம் சுகமாகவும் இருந்தது. படகு ஒரு முழம் நகர்ந்து நின்றது. இன்னொரு முழம் நகர்ந்து நின்றது. தங்கவேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்து மூச்சு வாங்கினார்.

"இன்னா மச்சான், இந்தத் தள்ளுக்கே இப்டி எறைக்குது ஒனக்கு?" என்றார் பொன்னுரங்கம். "நாளையிலேர்ந்து சாயங்காலம் எங்கூட நடக்க வா."

சொல்லிவிட்டு அவரும் தண்ணீரில் இறங்கி, இரண்டு பேருக்கும் நடுவில் நின்று, படகில் தோளை வைத்தார்.